படகு வாங்கும் முன் கடனை எண்ணுங்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை நடைமுறையில் இருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் காப்பது இத்தடையின் நோக்கம். படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படும் காலமும் இதுவே. கடலில் மிதக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி கரையில் நிற்கும்போது தெரியும். ஆகவே, படகு வாங்க நினைப்பவருக்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை.

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் மீன்பிடிப் படகைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடலோர ஊர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. கல்லூரியில் நான் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் படித்தனர். அவ்விரு தொழில்களின் கணக்குகளுக்கும் இடையே உள்ள ஒற்றுமை அன்றும் இன்றும் என்னை யோசிக்க வைப்பது.

காஞ்சிபுரத்தில் பல நெசவாளர் வீடுகளில் தறி சொந்தமாகவே இருக்கும். ஆனால் பாவும் ஊடையும் சரிகையும் முதலாளி தந்தவை. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணமும் அவர் தந்ததே. எனவே சேலை யாருக்குப் போக வேண்டும், கூலி எவ்வளவு என்பதைத் தறிக்குச் சொந்தக்காரர் தீர்மானிப்பதில்லை. கருவி ஒருவருடையதாகவும் அதன் பயன் வேறொருவருடையதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. படகுக்கும் இது பொருந்தும். ஒரு படகு என்ன விலை என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய பணத்தில், எந்த நிபந்தனையில் அதை வாங்குகிறோம் என்பதே முதல் கேள்வி. இருந்தாலும் படகிலிருந்தே தொடங்கலாம்.

எந்தக் கரைக்கு எந்தப் படகு?

படகைத் தேர்வு செய்ய வேண்டியது கரை, ஆசை அன்று. கோவளத்திலிருந்து தெற்கே செல்லும் கடற்கரையில் பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. திறந்த மணற்கரையில் அலையைக் கடந்து படகைத் தள்ள வேண்டும். திரும்பியதும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். அங்கு கட்டுமரத்தின் இடத்தை இன்று பிடித்திருப்பது ஃபைபர் படகு எனப்படும் கண்ணாடியிழைப் படகு. விசைப்படகுக்கோ காசிமேடு போன்ற துறைமுகம் தேவை; துறைமுகம் இல்லாத ஊரார் விசைப்படகு வாங்கினால் தங்குமிடம், காவல், போக்குவரத்து என்று வேறொரு செலவுப் பட்டியலையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

அளவும் அப்படியே. நீளம் கூடினால் சுமை கூடும், கரையேற்ற ஆள் கூடும், எரிபொருள் கூடும். நான்கு பேர் செவுள்வலை போட்டு அன்றைக்கே திரும்பும் தொழிலுக்கு, பலநாள் தொழிலுக்குரிய படகு தேவையில்லை. இயந்திரத்தின் திறனிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீரைப் பிளந்து செல்லும் சாதாரணப் படகின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டுவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் தேவைப்படும் என்பது படகுப் பொறியியலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. அண்டை வீட்டுப் படகைவிடச் சற்று முன்னால் போவதற்கு ஆண்டு முழுவதும் எரிபொருள் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்த வலைக்காகப் படகு என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய பகுதியை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்குகிறது. விசைப்படகுகள் அதற்கு அப்பால்தான் தொழில் செய்யலாம். இரட்டைமடிக்குத் தடை உண்டு. சுருக்குமடி வலை தமிழகத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால், வாரம் இரு நாள்கள், பகல் நேரத்தில் மட்டும் என்ற கட்டுப்பாடுகளுடன் இடைக்கால அனுமதி அளித்தது. இவ்வகை வலைக்கென்றே அமைக்கப்பட்ட படகு மலிவாகக் கிடைத்தால், மலிவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அதை வாங்குபவர் படகோடு வழக்கையும் வாங்குகிறார்.

புதிய படகில் பார்க்க வேண்டியவை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. இழந்தோருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் படகுகளை வழங்கின. தேவை திடீரென்று பெருகியபோது, முன் அனுபவமில்லாத பட்டறைகளும் முளைத்தன. தரம் சீராக இல்லை. சில ஊர்களில் படகுக்கு ஏற்ற ஆள்கள் கிடைக்காத நிலையும் வந்தது. வெளித்தோற்றத்தில் எல்லாப் படகுகளும் ஒன்றுபோலவே பளபளக்கும் என்பது அந்த ஆண்டுகள் கற்பித்த பாடம்.

ஃபைபர் படகின் வலிமை வண்ணத்தில் இல்லை. உள்ளே எத்தனை அடுக்குக் கண்ணாடியிழை வைக்கப்பட்டது, எந்த வகைப் பிசின் ஊற்றப்பட்டது, அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழ்கள் உருளையால் அகற்றப்பட்டனவா என்பதில்தான் இருக்கிறது. படகு முடிந்த பின் இவற்றைக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே புதிய படகுக்கு முன்பணம் கொடுப்பவர் மூன்று செயல்களைச் செய்ய வேண்டும். அடுக்குகளின் எண்ணிக்கை, பிசின் வகை, படகின் மொத்த எடை ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். படகு உருவாகும் நாள்களில் அனுபவமுள்ள ஒருவர் இரண்டு முறையாவது பட்டறைக்குச் சென்று பார்க்க வேண்டும். பணத்தை ஒரே தவணையில் கொடுக்காமல், கடைசித் தவணையைக் கடல் ஓட்டத்துக்குப் பிறகு கொடுப்பதாகப் பேச வேண்டும். சொன்ன எடைக்கும் நிறுத்த எடைக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், இழையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க உதவும் நுரைப்பொருள் படகின் அறைகளில் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. விலையைக் குறைக்க முதலில் விடப்படுவது இதுதான்; உயிரைக் காப்பதும் இதுதான்.

விசைப்படகு கட்ட நினைப்பவர், ஏரா எனப்படும் அடிக்கட்டையை வைப்பதற்கு முன்பே மீன்வளத் துறையின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. படகின் நீளத்துக்கும் இயந்திரத் திறனுக்கும் வரம்புகள் உண்டு. 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு இங்கு இடமில்லை. கட்டி முடித்த பின் பதிவு மறுக்கப்பட்டால், அந்தப் படகை விற்கவும் இயலாது.

பழைய படகு: தட்டிப் பார்த்தல்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வு அது. பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில், வாங்குபவர் எல்லாப் பொருளையும் ஐயத்துடன் பார்த்துக் குறைந்த விலையே கேட்பார். அதனால் நல்ல பொருளை வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார் என்பது அதன் சாரம். பழைய படகுச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. ஆனால் கடற்கரைக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு படகின் வரலாறு அந்த ஊர் முழுவதற்கும் தெரியும். எப்போது பாறையில் மோதியது, எத்தனை முறை ஒட்டுப்போடப்பட்டது, யார் ஓட்டினார் என்பதை அந்த ஊர்த் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்ந்தால் அறியலாம். விற்பவரிடம் கேட்பதற்கு முன் ஊரிடம் கேட்க வேண்டும்.

ஏன் விற்கிறார் என்பது அடுத்த கேள்வி. வயது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனது, பெரிய படகுக்கு மாறுவது ஆகியவை நல்ல காரணங்கள். கடன் நெருக்கடி என்றால் கடன்காரர் யார் என்று பார்க்க வேண்டும். தெளிவான காரணமே சொல்லப்படாவிட்டால், பழுதே காரணமாக இருக்கலாம். ராசியில்லாத படகு என்ற பேச்சும் கரையோரத்தில் எழுவதுண்டு. படிப்பாளிகள் இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாம்; ஆனால் அந்தப் பேச்சால் ஏற ஆள் கிடைக்காவிட்டால், அது கணக்கில் எழுத வேண்டிய உண்மையான செலவு.

படகின் உடலைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். ஒரு நாணயத்தாலோ சிறிய சுத்தியலாலோ சாண் இடைவெளியில் அடிப்பகுதி முழுவதும் தட்டிச் செல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மொத்தென்று மந்தமாக ஒலிக்கும். மணலில் இழுபடும் அடிவிளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பாருங்கள். மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓரிடத்தில் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால், அங்கே அடி விழுந்திருக்கிறது. சிறு கொப்புளங்கள் நீர் உள்ளே புகுந்ததைக் காட்டும். அண்மையில் பூசிய வண்ணம் அழகுக்காகவும் இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். ஒரு பகுதியில் மட்டும் புதிய வண்ணம் என்றால் இரண்டாவதற்கே வாய்ப்பு மிகுதி.

எல்லாவற்றிலும் முக்கியமானது இயந்திரம் மாட்டும் பின்பலகை. இதன் உள்ளே மரப்பலகை வைத்து மேலே இழை மூடியிருப்பார்கள். ஆணி, திருகு வழியாக நீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள் அழுகும், வெளியே தெரியாது. இயந்திரத்தை மேலும் கீழும் அசைத்து, பலகை வளைகிறதா என்று பாருங்கள். நுரைப்பொருள் நீரை உறிஞ்சியிருந்தால் படகு தன் அளவுக்கு மீறிக் கனக்கும். வழக்கமாக இழுக்கும் ஆள்கள் போதாமல் போவது அதன் அடையாளம்.

மர விசைப்படகென்றால் கப்பல் புழு துளைத்த இடங்களையும், பலகை இணைப்புகளில் கலப்பத்து அடைத்திருப்பது தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூரிய கத்திமுனை மரத்தில் எளிதாக இறங்கினால் அந்தப் பலகை மாற்றத்துக்குரியது. இரும்புப் படகின் தகட்டுத் தடிமனை ஒலியலைக் கருவியால் அளக்க முடியும். அதற்கு ஆகும் செலவு படகு விலையில் மிகச் சிறு பங்கு.

இயந்திரம்

நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு இரு வகை இயந்திரங்கள் வழக்கில் உள்ளன: பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து இயந்திரம், நீண்ட தண்டின் முனையில் சுழலியைக் கொண்ட, ‘லாங் டெயில்’ என்று அழைக்கப்படும் டீசல் இயந்திரம். முன்னது வேகம் தரும், எடை குறைவு, எரிபொருளும் உதிரிப் பாகமும் விலை அதிகம். பின்னது மெதுவானது, அதிர்வு மிகுந்தது, ஆனால் உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்க்கக் கூடியது. நமது ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் உதிரிப் பாகம் கிடைக்கிறது என்பது விலைப்பட்டியலில் இல்லாத, ஆனால் விலையையே தீர்மானிக்கும் தகவல். மீன் மிகுந்த வாரத்தில் ஒரு பாகத்துக்காக நான்கு நாள் கரையில் நின்றால், மலிவாக வாங்கிய மிச்சம் அதிலேயே போய்விடும்.

பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, நான் வரும் வரை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத இயந்திரத்தை நமக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். எண்ணெயை எடுத்துப் பார்க்கும்போது பால்கலந்த காபி நிறம் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரத்தில் குளிர்விக்கும் நீர் ஒரே சீராக வெளியே பீய்ச்ச வேண்டும். இயந்திரத் தகட்டிலுள்ள எண்ணும் வாங்கிய ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடல் ஓட்டம் இல்லாமல் எந்தப் படகுக்கும் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. தொழிலுக்குப் போகும் எண்ணிக்கையில் ஆள்களும் வலையின் எடையும் ஏற்றி, ஒரு மணி நேரமாவது வேலைசெய்யும் வேகத்தில் ஓட்டுங்கள். படகு எவ்வளவு நீர் இறைக்க வேண்டியிருக்கிறது, திரும்பும்போது எவ்வளவு சாய்கிறது, அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது முகப்பு எப்படி எழுகிறது என்பவை கரையில் நின்று பேசித் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல.

காகிதங்கள்

2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கடல்வழியே வந்தார்கள். அதன் பிறகு, படகின் அடையாளம் நாட்டின் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. பதிவு எண், உரிமையாளர் பெயர், இயந்திர எண் ஆகியவை மீன்வளத் துறைப் பதிவேட்டில் இருப்பவற்றோடு பொருந்த வேண்டும். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் சென்று சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. அதைத் தவிர்த்தால் வரும் அலைச்சல் பல ஆண்டு.

விற்பனை ஒப்பந்தம் எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. பெயர் மாற்றம் நடந்தால்தான் மானிய டீசலும், காப்பீடும், பேரிடர் நிவாரணமும் புதிய உரிமையாளருக்கு வரும். பழைய பெயரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்ற வாய்மொழி உறுதியில் பல குடும்பங்கள் சிக்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன். புயலில் படகு சேதமுற்றால் இழப்பீடு பதிவேட்டில் உள்ள பெயருக்கே போகும்.

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ படகின் மேல் கடன் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அரசு மானியத்தில் வந்த படகென்றால், குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தப் படகு தொடர்பான தகராறு ஏதும் முடியாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். அது பதிவேட்டில் இருக்காது, ஆனால் கடலுக்குப் போக விடாமல் நிறுத்தும் வலிமை அதற்கு உண்டு.

ஆண்டுக் கணக்கு

விளக்கத்துக்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். படகின் உடல் 3 லட்சம், பத்து ஆண்டு உழைக்கும். இயந்திரம் 1.5 லட்சம், ஐந்து ஆண்டு. வலைகள் 1.5 லட்சம், மூன்று ஆண்டு. ஆண்டுக்குத் தேய்மானம் முறையே 30,000, 30,000, 50,000. மொத்தம் 1,10,000 ரூபாய். ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போனால், நாளொன்றுக்கு 550 ரூபாய். எரிபொருள், பனிக்கட்டி, சாப்பாடு, பழுது, வட்டி எல்லாம் இதற்கு மேல். இந்த 550 ரூபாயை மீன் விற்ற அன்றே தனியே எடுத்து வைக்காதவர், ஐந்தாம் ஆண்டில் இயந்திரம் நிற்கும்போது மறுபடியும் கடனுக்குப் போவார்.

இக்கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. மொத்த முதலீட்டில் பாதி, படகின் உடல்; ஆனால் ஆண்டுத் தேய்மானத்தில் பெரும் பங்கு வலைக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. ஆகவே படகின் உடலில் மட்டும் பேரம் பேசி வெற்றி பெற்றதாக நினைப்பது கணக்கின் சிறு பகுதியில் பெற்ற வெற்றியே. கையில் உள்ள பணம் முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிடாமல், ஒரு பருவத்துக்கு வேண்டிய நடைமுறைச் செலவை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சுவதையே படகு விலையாகக் கொள்ள வேண்டும்.

வட்டியில்லாக் கடனின் வட்டி

இனி முதல் கேள்விக்கு வருவோம். கடற்கரையில் படகுக்கு எளிதாகக் கிடைக்கும் பணம், மீன் வியாபாரியோ ஏலம் விடுபவரோ கொடுக்கும் முன்பணம். பிணை கேட்பதில்லை, படிவம் இல்லை, பெரும்பாலும் வட்டியும் இல்லை என்பார்கள். பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இதன் விலையைக் கணக்கிடுவோம். முன்பணம் 2 லட்சம். ஆண்டு விற்பனை 6 லட்சம். அதில் 5 விழுக்காடு தரகாகக் கழிகிறது. போட்டியில்லாமல் ஒருவரிடமே விற்பதால் விலையில் இன்னொரு 5 விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்கு அறுபதாயிரம் என்றால் ஆண்டுக்கு 30 விழுக்காடு. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நல்ல பாடு கிடைத்த ஆண்டில் வட்டி தானாகவே கூடும்; ஏனெனில் அது கடனுக்கான வட்டி அல்ல, உழைப்பின் மேல் வைத்த பங்கு.

வியாபாரியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. புயல் நாள்களில், மீன் இல்லாத மாதங்களில் அரிசிக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. வங்கி அதைச் செய்வதில்லை. அந்தக் காப்புக்கு மீனவர் ஒரு விலை கொடுக்கிறார். ஆனால் அந்த விலை எவ்வளவு என்று அறிந்து கொடுப்பதற்கும் அறியாமல் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்பணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், தொகையையும் தரகு விழுக்காட்டையும் எழுதி வாங்க வேண்டும். அசலைத் திருப்பிக் கொடுத்தால் வேறிடத்தில் விற்கலாம் என்ற உரிமையும் அதில் இருக்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, 1980 முதல் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஊர்ச் சங்கமே மீனை ஏலம் விடுகிறது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கு கடனுக்கும் சேமிப்புக்கும் கழிகிறது. மீன் கிடைக்காத நாளில் தவணை இல்லை. கிடைத்த நாளில் தானாகவே அடைகிறது. தவணை மீன்பாட்டோடு ஏறி இறங்குவது வியாபாரியின் முறையிலும் உண்டு. ஆனால் இங்கே அசல் குறைகிறது, விற்கும் உரிமை மீனவரிடமே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நன்கு நடந்த காலங்களில் நெசவாளருக்குக் கிடைத்ததும் இதே விடுதலைதான்.

மானியம் எல்லாவற்றையும் தீர்க்குமா?

2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம் உண்டு. மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட கிசான் கடன் அட்டை நடைமுறைச் செலவுக்குக் குறைந்த வட்டியில் உதவும். தகுதியுள்ளோர் இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மானியம் படகின் விலையைக் குறைக்குமே தவிர, படகை லாபகரமாக ஆக்கிவிடாது. பாக் நீரிணைப் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. அங்குள்ள இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பு. மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20 விழுக்காடு, மீனவர் பங்கு 10 விழுக்காடு. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. எழுபது விழுக்காடு மானியம் இருந்தும் இலக்கின் அருகில்கூட வர முடியவில்லை. காலையில் திரும்பும் தொழிலில் பழகியவர்களுக்குப் பலநாள் தங்கும் ஆழ்கடல் தொழில் வேறொரு திறன், வேறொரு சந்தை, பயணம் ஒவ்வொன்றுக்கும் பெரிய நடைமுறைச் செலவு. படகு கிடைப்பது தொழில் கிடைப்பதாகாது. மானியம் கிடைக்கிறது என்பதற்காக, மானியம் இல்லாவிட்டால் வாங்க நினைக்காத படகை வாங்குவது தவறு.

அரசு செய்யக் கூடியவை

தனிமனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில குறைகளைப் பொது ஏற்பாடுகளே தீர்க்க முடியும். தடைக்கால 61 நாள்களில் மீன்வளத் துறையினர் விசைப்படகுகளை ஆய்வு செய்கிறார்கள். அதே காலத்தில், விற்பனைக்கு வரும் பழைய ஃபைபர் படகுகளையும் சிறு கட்டணத்தில் தேர்ந்த ஒருவர் ஆய்வு செய்து, உடல், பின்பலகை, இயந்திரம் ஆகியவற்றின் நிலையைக் குறிப்பிடும் ஒரு பக்கச் சான்றிதழ் வழங்கலாம். அகெர்லாஃப் சுட்டிய சிக்கலுக்கு மருந்து இதுவே: விற்பவருக்கு மட்டும் தெரிந்ததை வாங்குபவருக்கும் தெரியச் செய்வது. நல்ல படகு வைத்திருப்பவருக்கும் அதனால் நல்ல விலை கிடைக்கும்.

இரண்டாவதாக, ஒரு படகின் மேல் வங்கிக் கடனோ மானிய நிபந்தனையோ இருக்கிறதா என்பதைப் பதிவு எண்ணை வைத்து எவரும் இணையத்தில் பார்க்கும் வசதி வேண்டும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று இருக்கும் நாட்டில், ஒரு குடும்பத்தின் ஒரே சொத்தான படகுக்கு அது இல்லாமலிருப்பது முறையன்று. மூன்றாவதாக, மாதத் தவணை என்ற வயலுக்கும் கடலுக்கும் பொருந்தாத முறையை விட்டு, விற்பனையில் ஒரு பங்காகத் திருப்பிச் செலுத்தும் படகுக் கடனை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வங்கிகள் வழங்க வேண்டும்.

அதுவரை, படகு வாங்கச் செல்பவர் மூன்று தாள்களைக் கையில் வைத்திருக்கட்டும். ஒன்றில் படகைத் தட்டிப் பார்த்த குறிப்பு. இரண்டாவதில் பதிவேட்டுச் சான்றுகள். மூன்றாவதில் ஆண்டுக் கணக்கும் கடனின் உண்மையான வட்டியும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது சரியாக இல்லாவிட்டால், அந்தப் படகை விட்டுவிடலாம். அடுத்த தடைக்காலத்திலும் படகுகள் விற்பனைக்கு வரும். ஒருமுறை எழுதிக் கொடுத்த மீனின் விலையை மீட்பதோ எளிதன்று.